பனிக்கடலில் எங்கள் ஊர்க் காய்ச்சல்

கம்பம் பள்ளத்தாக்கைத் தூக்கிக்கொண்டுபோய் வடதுருவத்துக்குப் பக்கத்தில் கடலில் போட்டவன் நான். வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னைக் கேலி செய்கிற உரிமையை அவ்வளவு சுலபமாக அடுத்தவருக்கு விட்டுத்தருகிற ஆள் இல்லை நான்.

தேனியில் மாவட்ட ஆய்வுக் கூட்டம். மண்டபம் நிறைய சுகாதாரத் துறை ஆட்கள். நான் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்கள் வட்டாரத்தில் காய்ச்சல் கண்டவர்களின் வரைபடம்" என்று கணீரென்று அறிவித்துவிட்டு லேப்டாப்பைத் தட்டினேன். திரை முழுக்க நீலம். வலது ஓரத்தில் வெள்ளையாக ஒரு பனித்தீவு. நடுக்கடலில் என் காய்ச்சல்காரர்கள் அத்தனை பேரும் சிவப்புப் புள்ளிகளாக மிதந்துகொண்டிருந்தார்கள்.

துணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "இது எந்த பி.எச்.சி. லிமிட்ல வருதுய்யா?" என்றார்.

"சாஃப்ட்வேர் இலவசம் சார், அதான்..." என்றேன்.

மண்டபம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று முதல் ஓய்வு பெறும் நாள்வரை சக ஊழியர்களுக்கு நான் 'பனிக்கடல்'. "என்ன பனிக்கடல், குளிரு எப்படி?" என்று சித்திரை வெயிலில் கேட்பார்கள்.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்தவன். தெருத்தெருவாகப் போய் தண்ணீர்த் தொட்டியில் எட்டிப் பார்த்துப் புழு தேடுகிற வேலை. ஊர் ஜனங்களுக்கு நான் 'கொசு சார்'. பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொசுக்களின் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு, அன்று சாயந்தரமே மறந்தேன். கொசுக்கள் கடைசிவரை அதைப் பொருட்படுத்தவில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளைகள் அவ்வப்போது போன் செய்வார்கள். போன மாதம் ஒரு பெண் கேட்டது: "சார், இந்த ஓசி சாஃப்ட்வேரை எல்லாம் நம்பலாமா? மனுச உசுரு சம்பந்தப்பட்ட வேலையாச்சே." போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நானும் ஓசியை நம்பவில்லை. வரைபடம் போட ஆசைப்பட்டு, ஒரு கடையில் திருட்டு சிடி ஒன்றை வாங்கிவந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டேன். வரைபடம் வரவில்லை, வைரஸ் வந்தது. எங்களுக்கு லைன் லிஸ்ட் என்று ஒன்று உண்டு. காய்ச்சல் வந்த ஒவ்வொருவருடைய பெயர், வயது, விலாசம், காய்ச்சல் தொடங்கிய நாள் எல்லாம் வரிசையாக எழுதிய பட்டியல். மூன்று மாத லைன் லிஸ்ட்டை அந்த வைரஸ் தின்றுவிட்டது.

எங்கள் பி.எச்.சி.யில், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஜெனிபர் என்று ஒரு டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். ராயப்பன்பட்டிக்காரி. வைரஸ் தின்ற பட்டியலைத் தாள்களிலிருந்து மறுபடி டைப் அடிக்க வேண்டியது அவள்தான். கோபத்தை விரல்களில் காட்டி டைப் அடித்தாள். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சார், இங்கன உக்காருங்க. திருடித்தான் மேப் போடணும்னு ஒங்களுக்கு ஏதாச்சும் வேண்டுதலா? நல்ல சாஃப்ட்வேரு சும்மாவே கெடைக்குது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணாலும் தொறந்து பாக்கலாம், திருத்தலாம், பக்கத்து ஆளுக்கும் குடுக்கலாம். ஒலகம் பூரா சேந்து எழுதி வச்சிருக்காக."

"சும்மா எதுக்கு எழுதுறாக? உள்ள ஏதும் சூது இருக்குமோ?"

"அதத்தான் தொறந்தே வச்சிருக்காகளே. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. ஆனால் பூட்டாத வீட்டுக்குள் சூது இருக்காது என்று பட்டது. அந்த நம்பிக்கையோடுதான் தேனிக் கூட்டத்துக்குப் போனேன்.

நடந்தது இதுதான். பூமியில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண் உண்டு. வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு. நமக்கு வடக்கே ஒன்பது சொச்சம், கிழக்கே எழுபத்தேழு சொச்சம். நான் ஒன்றை மற்றதன் கட்டத்தில் போட்டுவிட்டேன். வடக்கே எழுபத்தேழு என்பது பனிக்கரடி குடியிருக்கிற எல்லை.

இது தெரியாமல், கூட்டம் முடிந்து அன்று ராத்திரி வீட்டுக்கு வந்த சூட்டோடு, அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் போய் ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதினேன். 'உங்கள் மென்பொருள் பழுது. என் மாவட்டத்தைக் காணவில்லை. உடனே கண்டுபிடித்துத் தரவும்.' போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுப்பதுபோல 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' வேறு.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. பிரேசிலில் கொசு ஆராய்ச்சி செய்கிற ஓர் அம்மா எழுதியிருந்தார். 'இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் பாருங்கள், மாவட்டம் திரும்பி வரும். நானும் என் ஊரை ஒரு தடவை கடலில் போட்டவள்தான். உங்கள் கடலில் உண்மையிலேயே கொசு இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.' மாற்றினேன். தேனி மாவட்டம் அணை, ஆறு, மலையோடு வந்து திரையில் உட்கார்ந்தது. காசு கொடுத்து வாங்கிய எந்தப் பொருளுக்கும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் ஆள் வந்து பழுது பார்த்ததில்லை. அதுவும் பழுது என்னிடம் இருந்தபோது.

எங்கள் மருத்துவ அலுவலர் டாக்டர் நசீமா. உத்தமபாளையத்துக்காரர். பேச்சு என்றால் சொட்டு மருந்து மாதிரி, எண்ணித்தான் விழும். அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார். திரும்பி வரும்போது வண்டியில் வீரபாண்டி தாண்டியது, சின்னமனூர் தாண்டியது, வாயைத் திறக்கவில்லை. நான் ராஜினாமாக் கடிதத்தை மனதில் இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். உத்தமபாளையத்தில் இறங்கும்போது சொன்னார்: "நாளைக்குச் சரியாப் போடுங்க."

அவ்வளவுதான் அவருடைய கண்டனம், தண்டனை, மன்னிப்பு எல்லாம். எந்த அறிக்கையைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "எங்க?" காய்ச்சல் எத்தனை என்று கேட்க மாட்டார். எங்கே என்றுதான் கேட்பார்.

இனி ஓர் ஐப்பசி மாதத்துக்கு வருகிறேன்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒன்றும் இரண்டுமாகக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. பெரும்பாலும் பெண்கள். மலைக்கு மேலே கேரளத்தில் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். விடிவதற்குள் ஜீப்பில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார்கள். இது எங்கள் பக்கத்தில் பாதி வீட்டு நடப்பு, அதனால் அதை யாரும் எழுதிவைப்பதில்லை. நானும் எழுதவில்லை.

என் வேலை முறை இப்படி. காய்ச்சல் என்று தெரிந்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போவேன். பெயர், புருசன் பெயர், வயது, கதவு எண், தெரு, காய்ச்சல் தொடங்கிய நாள். இதையெல்லாம் போனில் இருக்கும் படிவத்தில் ஏற்றுவேன். அந்தப் படிவமும் ஓசி மென்பொருள்தான், ஜெனிபர் வடிவமைத்தது. பிறகு வாசலில் வெட்டவெளியில் நின்று, செயற்கைக்கோள் சரியாகப் பிடிக்கும்வரை போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பேன்.

"ஏத்தா, கொசு சாரு எதுக்கு மானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாக?"

"மேல போன கொசுவத் தேடுறாக போல."

இடம் பதிந்ததும் அந்த வீட்டுத் தொட்டி, பானை, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு வரை டார்ச் அடித்துப் பார்த்து, புழு இருந்தால் கவிழ்த்து, இல்லாவிட்டாலும் பாதியைக் கவிழ்த்து, மருந்து ஊற்றிவிட்டு வருவேன். டெங்குதான் என்று நான் முடிவே கட்டியிருந்தேன்.

பட்டியலில் மூன்றாவதாக வந்தவர் பேச்சியம்மா. நாற்பது வயது இருக்கும். புருசன் இல்லை, ஒரு மகள் பிளஸ் டூ படிக்கிறது. நாத்தனார் செல்வி கூட இருக்கிறாள், இரண்டு பேரும் சேர்ந்து வேலைக்குப் போகிறவர்கள். பேச்சியம்மாவின் ரத்தத்தில் ஒரு சொட்டை அட்டையில் விட்டு டெங்குப் பரிசோதனை செய்தோம். இல்லை என்று வந்தது. நானே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், முகமெல்லாம் சிரிப்போடு: "டெங்கு இல்ல தாயி, பயப்படாத. கஷாயம் குடி."

இந்த வரியை இப்போது எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்னது 'டெங்கு இல்லை.' அவர் காதில் விழுந்தது 'ஒன்றுமில்லை.' காய்ச்சலோடு இன்னும் இரண்டு நாள் மலைக்குப் போயிருக்கிறார்.

ஏழாம் நாள் காலையில் செல்வி அவரை ஆட்டோவில் கூட்டிவந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா திரைக்குப் பின்னால் அழைத்துப்போனார். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் வெளியே வருகிறவர், அன்று டார்ச் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் வரவில்லை. அக்குள், கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்னால், மார்புக்குக் கீழே என்று ஒவ்வோர் அங்குலமாகத் தேடியிருக்கிறார். கடைசியில் பாவாடை நாடா இறுகுகிற இடத்தில் இருந்தது. சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு சின்னக் கருப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது.

வெளியே வந்து ஒரே வார்த்தை சொன்னார்: "உண்ணி."

உண்ணிக்காய்ச்சல். புதரில் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வருவது. நான் ஊர் முழுக்கத் தொட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன், வியாதி புல்லில் உட்கார்ந்திருந்தது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் போய்விடும். தாமதமானால் நுரையீரலில் கை வைக்கும். பேச்சியம்மாவுக்குக் கை வைத்துவிட்டது.

108 வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கை கொதித்தது. "கொசு சார்... செல்விக்கும் ஒடம்பு வெதுவெதுன்னு இருக்கு. எங்கூட வர்ற பொம்பளைக இன்னும் போய்க்கிட்டு இருக்காளுக. பாத்துக்கங்க" என்றார். மூச்சுக்கு நடுவில் நான்கு துண்டாகச் சொன்னார். வண்டி தேனிக்குப் போய்விட்டது. செல்விக்கு அங்கேயே மாத்திரை ஆரம்பித்தார் டாக்டரம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்க?"

வரைபடத்தைத் திறந்தேன். இந்தத் தடவை ஊர் ஊர் இருக்கிற இடத்தில் இருந்தது. புள்ளிகள் நான்கு கிராமத்தில் எள் இறைத்ததுபோலக் கிடந்தன. தெருவுக்கு ஒன்று, ஊருக்கு மூன்று. எங்கும் கும்பல் இல்லை.

"எல்லா எடத்துலயும் இருக்கு மேடம்."

"அப்ப எங்கயும் இல்ல" என்றார். பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். நான் முதல் தடவை போன தேதிகளுக்கு நேராக, 'பூட்டு', 'பூட்டு', 'பூட்டு' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். பகலில் போனால் வீடு பூட்டியிருக்கும், ஆள் இருக்காது, அதனால் குறிப்பு. அதன்மேல் பேனாவை வைத்தார். "பகல் பூரா பூட்டுன வீட்ல காய்ச்சல் எப்படி வரும்? ஆளு எங்க?"

மறுநாள் விடியும்போது ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனேன். ஏழெட்டு ஜீப். தலையில் துண்டு, சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கையில் தூக்குவாளியோடு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர் உட்காருகிற ஜீப்பில் பதினைந்து பேருக்கு இடம் இருக்கும், அது எங்கள் ஊர் ஜீப்புக்கு மட்டும் தெரிந்த வித்தை. எல்லா வண்டியும் நிறைந்து கிளம்ப, ஒரு வண்டி மட்டும் நகரவில்லை. டிரைவர் பாண்டி ஸ்டியரிங்கில் குத்தினான்.

"என்னப்பா, கெளம்பல?"

"எங்கிட்டுக் கெளம்ப? எட்டு ஆளு கொறையுது. ஊர்ல உள்ள காச்சலெல்லாம் என் வண்டிக்குன்னே வருதுண்ணே! அவன் வண்டியப் பாருங்க, தொங்கிக்கிட்டுப் போறாக. என் வண்டியில மட்டும் செய்வினை வச்ச மாதிரி."

நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்தப் பெண்கள் ஜீப் மாறவே மாட்டார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு தெரு, ஆனால் வருடக்கணக்காக ஒரே ஜீப், ஒரே தோட்டம், ஒரே இடத்தில் சாப்பாடு. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் என் மூளையும் அதைக் கேட்கவில்லை.

ஆபீசுக்கு ஓடினேன். "ஜெனிபர், படிவத்துல 'ஜீப்'னு ஒரு கட்டம் வேணும். யாருக்கு லெட்டர் எழுதணும்?"

"யாருக்கும் வேணாம் சார். டீ குடிச்சுட்டு வாங்க."

டீ ஆறுவதற்குள் கட்டம் வந்துவிட்டது. கம்பெனி படிவமாக இருந்தால் நான் சென்னைக்கு விண்ணப்பம் போட்டு, அவர்கள் அதைப் பரிசீலித்து முடிப்பதற்குள் எனக்கு ஓய்வே வந்திருக்கும். மறுபடி வீடு வீடாகப் போனோம். ஒரே ஒரு கேள்வி: எந்த ஜீப்? சாயந்தரம் ஜெனிபர் ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு நிறம் கொடுத்துப் புள்ளிகளை மாற்றினாள். நான்கு கிராமத்திலும் சிதறிக் கிடந்த எள்ளெல்லாம் ஒரே நிறமாக மாறியது. இரண்டு புள்ளி தவிர அத்தனையும் பாண்டி வண்டி.

டாக்டரம்மா பார்த்தார். தலையை ஆட்டினார். போனை எடுத்து எல்லைக்கு அந்தப் பக்கத்து மருத்துவரிடம் மலையாளத்தில் பேசினார். மலையாளத்திலும் அவர் எண்ணித்தான் பேசுகிறார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தோட்டம் கேரளத்தில் இருக்கிறது, எங்களுக்கு அங்கே அதிகாரம் கிடையாது. வரைபடக் கோப்பை மெயிலில் அனுப்பினோம். அவர்கள் அதே மென்பொருளை இறக்கி, அன்றைக்கே திறந்துவிட்டார்கள். லைசென்ஸ் வாங்கு, சாவி எண் கொடு என்று மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் யாரும் நிற்கவில்லை.

அடுத்த நாள் இரண்டு மாநிலத்துக் கொசு சார்களும் பாண்டி வண்டியில் தோட்டத்துக்குப் போனோம். அங்கே ஷெட் இருந்தது, மற்ற ஜீப் பெண்கள் அதில்தான் சாப்பிடுகிறார்கள். பாண்டி வண்டிப் பெண்கள் மட்டும் ஒரு மேட்டில், புதர் ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். மேல்சட்டையைக் கழற்றிப் புதரிலேயே போட்டுவைப்பார்கள். பக்கத்தில் எலி வளைகள்; இந்த உண்ணி எலியோடுதான் குடியிருக்கும்.

"ஷெட்டு இருக்கும்போது இங்கன ஏன்த்தா உக்காருறீக?" என்றேன்.

"இங்கனதான் சார் செல்லுக்கு டவர் கெடைக்கும். பிள்ளைக சாப்பிட்டுச்சான்னு ஒரு வார்த்த கேக்கணும்ல."

நான் வானத்தைப் பார்த்து நின்றதும் அவர்கள் இந்த மேட்டில் உட்கார்ந்ததும் ஒரே காரணத்துக்குத்தான். புதரை வெட்டினார்கள். ஷெட்டுப் பக்கத்தில் டவர் கிடைக்கிற ஒரு மூலையைத் தேடிப்பிடித்து பெஞ்சு போட்டார்கள். அந்த ஜீப்பில் வருகிற யாருக்கு உடம்பு சுட்டாலும் அன்றைக்கே மாத்திரை. செல்வி நான்கே நாளில் தேறிவிட்டாள். புதிதாக அந்த வண்டியிலிருந்து யாரும் படுக்கவில்லை.

பேச்சியம்மா மட்டும் தேனியில் ஆக்சிஜனோடு கிடந்தார். தினமும் சாயந்தரம் அவர் மகளுக்குப் போன் போடுவேன். "அப்படியேதான் இருக்காக" என்று சொல்லும். ஒருநாள், "அம்மா கஞ்சி கேட்டாக சார்" என்றது. நான் ஆபீசில் எல்லாருக்கும் வடை வாங்கிக்கொடுத்தேன். டாக்டரம்மா தன் வடையைச் சாப்பிட்டுவிட்டு, "மேப் நல்லாருந்துச்சு" என்றார். முப்பது வருட வேலையில் எனக்குக் கிடைத்த பதக்கம் அது.

போன மாதம் போனில் கேட்ட அந்தப் பெண்ணின் கேள்விக்கு இதுதான் என் பதில். நம்பலாம் தாயி. பிரேசிலில் ஓர் அம்மா, ராயப்பன்பட்டியில் ஒரு ஜெனிபர், முகமே தெரியாத இன்னும் எத்தனையோ பேர் சும்மா கொடுத்ததை வைத்துத்தான் பாண்டி வண்டியைக் கண்டுபிடித்தோம். பதிலுக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வரி. அந்த மென்பொருளின் உதவிக் குறிப்பைத் தமிழில் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள், அதில் சேர்த்தேன்: 'இரண்டு எண்களையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், ஊர் கடலுக்குப் போய்விடும்.' சேர்த்துக்கொண்டார்கள்.

பேச்சியம்மா வீடு திரும்பியதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பார்க்கப் போனேன். இளைத்திருந்தார், ஆனால் குரல் திரும்பியிருந்தது. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "டெங்கு இல்லேன்னு சொல்லிச் சிரிச்சுட்டுப் போனேனே, என்னய மன்னிச்சுரு தாயி" என்றேன். "அட விடுங்க" என்று கையை வீசினார். அந்தத் தெம்பில், வரைபடத்தைத் திறந்து வைத்து, எள் எப்படிச் சிதறிக் கிடந்தது, எப்படி ஒரே நிறமானது, நாங்கள் என்னவெல்லாம் மூளையைக் கசக்கினோம் என்று கால் மணி நேரம் அளந்தேன். முடித்துவிட்டு, கொஞ்சம் உரிமையோடு கேட்டேன்:

"மொத நாளே வீடு தேடி வந்தேனே தாயி. எல்லாம் ஒரே ஜீப்பு ஆளுகன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நீங்க வீட்டத்தான கேட்டீக."